விளையாட்டு முறைகேட்டு வழக்கை வாதிடும் ரசிகருக்கு ஒரு வழிகாட்டி: ‘டிஃபிளேட்கேட்’ ஆவணங்களை முன்வைத்து

தொழில்முறைக் கால்பந்தில் ஓர் அணி ஏமாற்றியதாகச் செய்தி வெளிவந்த உடனேயே ரசிகர்களிடையே வாதம் தொடங்கிவிடுகிறது. விவகாரம் நீதிமன்றம் வரை சென்றுவிட்டால் அந்த வாதம் ஆண்டுக்கணக்கில் ஓய்வதில்லை. அதற்கு அணிப்பற்று மட்டும் காரணமன்று. ‘அவர் ஏமாற்றினாரா’ என்ற கேள்வியும் ‘அவரைத் தண்டித்த முறை சரியா’ என்ற கேள்வியும் ஒன்றோடொன்று கலந்துவிடுவதே முதன்மைக் காரணம். முதல் கேள்விக்கு விடை தேடித் தீர்ப்பைப் புரட்டுபவர், பெரும்பாலும் இரண்டாவது கேள்விக்கான விடையையே அங்கே காண்பார். அதை முதல் கேள்விக்கான விடையாக எடுத்துக்கொண்டு ஒரு தரப்பு கொண்டாடும், மறுதரப்பு கொதிக்கும். இவ்விரண்டையும் பிரித்து, ஆவணங்களை உரிய வரிசையில் படித்து, நியாயமாக வாதிடுவது எப்படி என்பதை அமெரிக்கக் கால்பந்தில் பந்துகளின் காற்றை இறக்கியதாக எழுந்த ‘டிஃபிளேட்கேட்’ விவகாரத்தைக் கொண்டு இங்கே விளக்குகிறேன். விசாரணை அறிக்கை, மேல்முறையீட்டு ஆணை, இரண்டு நீதிமன்றங்களின் தீர்ப்புகள், ஒரு நீதிபதியின் மாறுபட்ட தீர்ப்பு என இதில் தேவையான ஆவணங்கள் யாவும் பொதுவில் கிடைக்கின்றன என்பதால், பயிற்சிக்கு இதைவிடப் பொருத்தமான வழக்கு அமைவது கடினம்.

குற்றச்சாட்டை விதியின் சொற்களோடு பொருத்துங்கள்

2015 ஜனவரி 18 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபாக்ஸ்பரோ நகரில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியும் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியும் மோதின. அமெரிக்காவின் தொழில்முறைக் கால்பந்துத் தொடரான என்.எஃப்.எல். லீகில் ஒவ்வோர் அணியும் தான் தாக்கி ஆடும்போது தன் சொந்தப் பந்துகளையே பயன்படுத்தும். அந்தப் பந்துகளின் காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 12.5 முதல் 13.5 பவுண்டு வரை இருக்க வேண்டும் என்பது விதி. போட்டிக்கு முன் நடுவர் சரிபார்த்த பந்துகளிலிருந்து, பேட்ரியட்ஸ் பணியாளர்கள் காற்றை இறக்கினார்கள் என்பதும், அது பந்தை எறிந்து தாக்குதலை வழிநடத்தும் ‘குவார்ட்டர்பேக்’ வீரர் டாம் பிரேடிக்குத் தெரிந்தே நடந்தது என்பதும் குற்றச்சாட்டு. காற்று சற்றுக் குறைந்த பந்து கைக்குப் பிடிமானம் தரும் என்பதே இதில் கிடைக்கக்கூடிய ஆதாயம்.

இங்கேயே ரசிகர்கள் வழக்கமாகத் தடம் மாறுகிறார்கள். இடைவேளையின்போது 17-7 என்று முன்னிலையில் இருந்த பேட்ரியட்ஸ், பந்துகளில் மீண்டும் காற்றேற்றிய பிறகு இரண்டாம் பாதியில் மேலும் 28 புள்ளிகள் எடுத்து 45-7 என்று வென்றது. ஆகவே ஏமாற்றுவதற்கே தேவையில்லை என்று பேட்ரியட்ஸ் ரசிகர்கள் வாதிட்டார்கள். இந்த வாதம் ஆட்டத்தின் முடிவைப் பற்றியது. விதி மீறப்பட்டதா என்பதற்கு அது விடையாகாது. விதியில் ‘ஆட்டத்தின் முடிவை மாற்றினால் மட்டும்’ என்ற நிபந்தனை கிடையாது. தண்டனையின் அளவைப் பற்றிப் பேசும்போது இந்த வாதத்துக்கு ஓரளவு இடமுண்டு. எனவே அதை அந்தக் கட்டத்துக்காகத் தனியே எடுத்து வையுங்கள்.

எண்களை மூல அறிக்கையில் பாருங்கள்

போட்டி முடிந்த சில நாட்களுக்குள், சோதிக்கப்பட்ட 12 பேட்ரியட்ஸ் பந்துகளில் 11 பந்துகள் தலா 2 பவுண்டு குறைவாக இருந்தன என்று ஒரு செய்தி வெளிவந்தது. மக்கள் மனத்தில் பதிந்தது அந்த எண்தான். ஆனால் வழக்கறிஞர் டெட் வெல்ஸ் தலைமையிலான குழு 2015 மே 6 அன்று வெளியிட்ட 243 பக்க அறிக்கையில் உள்ள அளவுகள் வேறு. இடைவேளையில் 11 பந்துகள் இரண்டு அழுத்தமானிகளால் அளக்கப்பட்டன. எல்லாமே 12.5-க்குக் கீழே இருந்தன என்பது உண்மை. எனினும் 10.50 என்ற அளவுக்கு இறங்கியது ஒரே ஒரு பந்துதான், அதுவும் ஒரு மானியில் மட்டும். சராசரி ஒரு மானியில் 11.11, மற்றொன்றில் 11.49. நேரமின்மையால் கோல்ட்ஸ் அணியின் பந்துகளில் நான்கே அளக்கப்பட்டன. அவற்றுள் மூன்று, இரண்டு மானிகளில் ஒன்றின்படி 12.5-க்குக் கீழே இருந்தன. முதலில் பரவிய செய்தியை மட்டும் நம்பி ஓராண்டு வாதிட்டவருக்கு இந்த அட்டவணை பேரதிர்ச்சியாக இருந்திருக்கும். ஆகவே எந்த முறைகேட்டு வழக்கிலும், முதல் வாரத்து எண்களைக் கொண்டு ஒரு நிலைப்பாடு எடுக்காமல் மூல அட்டவணை வரும்வரை காத்திருங்கள்.

அட்டவணை கைக்கு வந்த பிறகு, குற்றமின்றியே அந்த எண்கள் வந்திருக்க முடியுமா என்று கணக்கிட்டுப் பாருங்கள். இந்த வழக்கில் அதற்குப் பள்ளி இயற்பியலே போதும். மானி காட்டுவது வளிமண்டல அழுத்தத்துக்கு மேலான அழுத்தத்தை, எனவே 12.5 என்பதோடு வளிமண்டலத்தின் 14.7 பவுண்டைக் கூட்டினால் உண்மையான அழுத்தம் 27.2 ஆகிறது. ஏறத்தாழ 71 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பமுள்ள அறையில் சரிபார்க்கப்பட்ட பந்து 48 டிகிரி குளிரில் விளையாடப்பட்டால், கெல்வின் அளவில் வெப்பநிலை 295-இலிருந்து 282-க்கு இறங்குகிறது. அழுத்தமும் அதே விகிதத்தில் குறைந்து 26.02 ஆகும், அதிலிருந்து 14.7-ஐக் கழித்தால் மானி 11.32 என்று காட்டும். அறை 67 டிகிரியில் இருந்திருந்தால் 11.52 என்று காட்டும். யாரும் ஊசி போட்டுக் காற்றை இறக்காமலேயே பந்து இந்த எல்லைக்குள் வந்துவிடும் என்பதை லீகின் சார்பில் ஆய்வு செய்த எக்ஸ்போனென்ட் நிறுவனமே ஒப்புக்கொண்டது.

அப்படியானால் சிக்கல் எங்கே? பயன்படுத்திய இரு மானிகளும் ஒரே பந்துக்கு ஏறத்தாழ 0.3 முதல் 0.45 பவுண்டு வரை வேறுபட்ட அளவைக் காட்டின. போட்டிக்கு முன் நடுவர் எந்த மானியைப் பயன்படுத்தினார் என்பதைப் பொறுத்தே முடிவு மாறியது. கூடுதலாகக் காட்டும் மானியைத் தான் பயன்படுத்தியதாக நினைவிருக்கிறது என்று நடுவர் கூறினார். அதை ஏற்றால் சராசரி 11.49, எதிர்பார்த்த எல்லைக்குள் அடங்கிவிடுகிறது. அவர் மற்ற மானியையே பயன்படுத்தியிருக்க வேண்டும் என்று அறிக்கை முடிவு செய்தது, அதன்படி 11.11 என்பது எல்லைக்குக் கீழே போகிறது. நடுவரின் நினைவைப் பல இடங்களில் நம்பிய அறிக்கை, வழக்கின் மையமான இந்த ஓரிடத்தில் அதை ஒதுக்கியது எனக்கு இன்றும் ஏற்புடையதாக இல்லை. மேலும், பேட்ரியட்ஸ் பந்துகளே முதலில் அளக்கப்பட்டன. கோல்ட்ஸ் பந்துகள் வெதுவெதுப்பான அறையில் கூடுதல் நேரம் இருந்து, அழுத்தம் ஓரளவு மீண்ட பிறகு அளக்கப்பட்டன. இதைச் சுட்டிக்காட்டி அமெரிக்கன் என்டர்பிரைஸ் இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு அமைப்பின் ஆய்வாளர்கள் 2015 ஜூனில் அறிக்கையின் புள்ளியியலை மறுத்தார்கள். அளந்த நேரம் எந்தப் பந்துக்கும் குறித்து வைக்கப்படவில்லை என்பதால், இந்தத் தகராற்றை அளவுகளைக் கொண்டே தீர்க்க வழியில்லாமல் போனது.

அடுத்த பருவத்தில் லீக் பல போட்டிகளில் பந்துகளின் அழுத்தத்தைச் சோதித்தது. ஆனால் அந்த அளவுகளை வெளியிடவில்லை. குளிர்காலப் போட்டிகளில் பந்து இயல்பாக எவ்வளவு இறங்குகிறது என்பதை உலகுக்குக் காட்டியிருக்கக்கூடிய தரவு அது. எந்த வழக்கிலும், ஒரு தரப்பிடம் இருந்தும் வெளிவராத தரவு எது என்று குறித்துக்கொள்வது ரசிகர் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலைகளில் ஒன்று.

சான்றுக்கு எந்த அளவுகோல் என்று கேளுங்கள்

எண்களுக்கு அப்பாலும் சான்றுகள் இருந்தன. பேட்ரியட்ஸ் ரசிகர்கள் விரும்பாவிட்டாலும் அவற்றைக் கணக்கில் கொள்ளத்தான் வேண்டும். நடுவர்களின் உடைமாற்றும் அறைக்கான அணியின் உதவியாளர் ஒருவர் பந்துப் பையுடன் கழிப்பறைக்குள் சென்று ஏறத்தாழ 100 விநாடிகள் இருந்தது காணொளியில் பதிவாகியிருந்தது. அதே உதவியாளர் 2014 மே மாதக் குறுஞ்செய்தி ஒன்றில் தன்னைக் ‘காற்றிறக்குபவன்’ என்ற பொருளில் குறிப்பிட்டிருந்தார். வெல்ஸ் தன்னை நேரில் விசாரித்த காலகட்டத்தில் பிரேடி தன் கைபேசியை அழிக்கச் செய்திருந்தார் என்பது பின்னர் தெரியவந்தது.

இந்தச் சான்றுகளிலிருந்து அறிக்கை எட்டிய முடிவின் சொற்களைக் கவனமாகப் படியுங்கள். உதவியாளர்கள் காற்றிறக்கியது ‘நடந்திருக்காது என்பதைவிட நடந்திருக்கும் என்பதே அதிக வாய்ப்புடையது’. பிரேடி அதைப் பற்றிக் ‘குறைந்தபட்சம் பொதுவாகவேனும் அறிந்திருந்தார்’ என்பதும் அதே அளவு வாய்ப்புடையது. குற்றவியல் நீதிமன்றத்தில் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும்; லீகின் உள்விசாரணையில் தராசு ஒரு பக்கம் சிறிதளவு சாய்ந்தாலே போதும். எனவே ‘மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது’ என்று சொல்பவரும் ‘எதுவுமே மெய்ப்பிக்கப்படவில்லை’ என்று சொல்பவரும் வெவ்வேறு அளவுகோல்களைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். வாதத்தைத் தொடங்குமுன் எந்த அளவுகோல் என்பதில் உடன்பாடு கண்டுவிட்டால் பாதிச் சண்டை குறைந்துவிடும்.

தண்டனை முன்கூட்டியே எழுதப்பட்டிருந்ததா?

2015 மே 11 அன்று லீக் பிரேடிக்கு நான்கு ஆட்டத் தடையும், பேட்ரியட்ஸ் அணிக்கு 10 லட்சம் டாலர் அபராதமும் விதித்தது. அதோடு புதிய வீரர்களைத் தேர்வு செய்யும் டிராஃப்ட்டில் 2016-க்கான முதல் சுற்று உரிமையும் 2017-க்கான நான்காம் சுற்று உரிமையும் அணியிடமிருந்து பறிக்கப்பட்டன. அணி தனக்கான தண்டனையை ஏற்றுக்கொண்டு ஒதுங்கியது. வழக்காடியது வீரர்கள் சங்கம்தான். அணிக்கான தண்டனையையும் வீரருக்கான தண்டனையையும் ஒரே மூச்சில் பேசினால், பின்னால் வரும் தீர்ப்புகள் எதுவும் புரியாது.

என் பார்வையில் பிரேடி தரப்பின் மிக வலுவான வாதம் இந்தக் கட்டத்தில்தான் இருந்தது. வீரர்களுக்கு வழங்கப்பட்டிருந்த அபராதப் பட்டியலில், பிடிமானத்துக்காகக் கைகளில் ஒட்டும் பசை தடவிக்கொள்வது போன்ற மீறலுக்கு முதல் முறை 8,268 டாலர் அபராதம் என்று இருந்தது. பந்தின் காற்றைப் பற்றி ‘பொதுவாக அறிந்திருந்ததற்கு’ ஆட்டத் தடை என்று எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆனால் லீகின் ஆணையர் ரோஜர் குடெல் இதை ஊக்கமருந்துப் பயன்பாட்டோடு ஒப்பிட்டு, அதன் முதல் மீறலுக்கான நான்கு ஆட்டத் தடையை இங்கே அளவாகக் கொண்டார். இந்த ஒப்பீடு பொருந்துமா என்று விவாதிப்பது ரசிகர்களுக்கு மிகப் பயனுள்ள பயிற்சி. ஏனெனில் இதில் அணிப்பற்றுக்கு அதிக வேலையில்லை. ஒரு மீறலுக்கு அருகிலுள்ள மீறல் எது, அதன் நோக்கம் எது, ஆதாயம் எது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

உண்மைகளை ஏற்றுக்கொண்டே தண்டனையை நீக்கவும் முடியும் என்பதற்கு அதே லீகில் முன்னுதாரணம் உண்டு. நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியில், எதிரணி வீரர்களைக் காயப்படுத்துவதற்குப் பரிசுப் பணம் வழங்கப்பட்டதாக எழுந்த விவகாரத்தில், மேல்முறையீட்டை விசாரித்த முன்னாள் ஆணையர் பால் டாக்லியாபூ, 2012 டிசம்பரில் விசாரணையின் முடிவுகளைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டார். ஆயினும் வீரர்கள் மீதான ஆட்டத் தடைகளை நீக்கினார்.

நீதிமன்றம் எதைப் பார்த்தது, எதைப் பார்க்கவில்லை

இந்தப் பகுதியில்தான் பெரும்பாலான வாதங்கள் தவறான பாதையில் செல்கின்றன என்பதால் சற்று நிதானமாகப் படியுங்கள். லீகுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையிலான கூட்டுப்பேர ஒப்பந்தத்தின் 46-ஆவது பிரிவு, ஆட்டத்தின் நேர்மைக்குப் பங்கம் விளைவிக்கும் நடத்தைக்குத் தண்டனை வழங்கும் அதிகாரத்தை ஆணையரிடம் கொடுத்திருந்தது. அந்தத் தண்டனைக்கு எதிரான மேல்முறையீட்டைத் தானே விசாரிக்கும் அதிகாரத்தையும் அதே பிரிவு அவருக்குக் கொடுத்திருந்தது. குடெல் 2015 ஜூன் 23 அன்று மேல்முறையீட்டை விசாரித்து, ஜூலை 28 அன்று தண்டனையை உறுதி செய்தார். தண்டித்தவரே மேல்முறையீட்டையும் விசாரிப்பது நியாயமற்றது என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் சட்டத்தின் பார்வையில் இது இரு தரப்பும் பேரம் பேசிக் கையொப்பமிட்ட ஏற்பாடு. அவர் அங்கே மத்தியஸ்தராக அமர்ந்திருந்தார். மத்தியஸ்தரின் முடிவை அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் மிகக் குறுகிய காரணங்களுக்காக மட்டுமே தள்ளுபடி செய்யும்.

குடெல் தண்டனையை உறுதி செய்த அன்றே லீக், அந்த ஆணையை உறுதிப்படுத்தக் கோரி மன்ஹாட்டனிலுள்ள கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தை நாடியது. சங்கம் மின்னசோட்டாவில் தொடுத்த வழக்கும் அங்கேயே மாற்றப்பட்டது. நீதிபதி ரிச்சர்ட் பெர்மன் 2015 செப்டம்பர் 3 அன்று தண்டனையை நீக்கினார். அவர் கூறிய காரணங்கள் மூன்று: இப்படிப்பட்ட நடத்தைக்கு இப்படிப்பட்ட தண்டனை வரும் என்று வீரருக்கு முன்னறிவிப்பு இல்லை, அறிக்கையின் வரைவைப் பார்வையிட்ட லீகின் தலைமை வழக்கறிஞர் ஜெஃப் பாஷைக் குறுக்கு விசாரணை செய்ய அனுமதிக்கவில்லை, விசாரணைக் கோப்புகளைச் சமமாகப் பார்க்க விடவில்லை. இவற்றில் எதுவும் ‘பிரேடி குற்றமற்றவர்’ என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். பந்தில் காற்று எப்படிக் குறைந்தது என்ற கேள்விக்குள் அவர் போகவே இல்லை. ஆயினும் அன்று பேட்ரியட்ஸ் ரசிகர்கள் பலர் அதை விடுதலைத் தீர்ப்பாகவே கொண்டாடினார்கள்.

லீக் மேல்முறையீடு செய்தது. இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2016 ஏப்ரல் 25 அன்று 2-க்கு 1 என்ற கணக்கில் தடையை மீட்டது. நீதிபதி பேரிங்டன் பார்க்கர் எழுதிய தீர்ப்புடன் நீதிபதி டெனி சின் உடன்பட்டார். பிரேடி அந்தத் திட்டத்தில் பங்கேற்றாரா என்பதையோ, தடை மூன்று ஆட்டங்களா, ஐந்தா, அல்லது வேண்டவே வேண்டாமா என்பதையோ முடிவு செய்வது தங்கள் வேலையன்று என்று அவர்கள் தெளிவாக எழுதினார்கள். ஒப்பந்தம் கொடுத்த அதிகார எல்லைக்குள் ஆணையர் செயல்பட்டாரா என்பதே அவர்கள் பார்த்தது. எல்லைக்குள்தான் என்பது விடை. ஆகவே இந்தத் தீர்ப்பை ‘நீதிமன்றமே அவரைக் குற்றவாளி என்றது’ என்று மேற்கோள் காட்டும் எதிரணி ரசிகரும், பெர்மன் தீர்ப்பைக் கொண்டாடியவர் செய்த அதே பிழையைத்தான் செய்கிறார்.

தோற்ற தரப்பின் வாதத்தை அறிய மாறுபட்ட தீர்ப்பைப் படியுங்கள். தலைமை நீதிபதி ராபர்ட் காட்ஸ்மன், அறிக்கை சொன்ன ‘பொதுவாக அறிந்திருந்தார்’ என்ற அடிப்படையிலிருந்து ஆணையர் மேல்முறையீட்டில் நகர்ந்து, பிரேடியே திட்டத்தில் பங்கேற்று ஊக்குவித்தார் என்ற புதிய அடிப்படைக்குச் சென்றுவிட்டதைச் சுட்டிக்காட்டினார். கைப்பசைக்கான அபராதத்தை ஏன் ஒப்பீட்டுக்கு எடுக்கவில்லை என்பதற்குப் போதிய விளக்கமில்லை என்றும் எழுதினார். மேல்முறையீட்டின் வேலை எடுக்கப்பட்ட முடிவைச் சரிபார்ப்பதே. அங்கே புதிய குற்றச்சாட்டை நுழைப்பது அந்த வேலையன்று. எனக்கு இந்தத் தர்க்கமே வலுவாகத் தெரிகிறது. நீங்கள் மாறுபடலாம், ஆனால் அதற்கு அந்தப் பக்கங்களைப் படித்திருக்க வேண்டும்.

முழு அமர்வின் மறுவிசாரணையை நீதிமன்றம் 2016 ஜூலையில் மறுத்தது. பிரேடி உச்ச நீதிமன்றம் செல்லாமல் தடையை ஏற்றார். அவர் இல்லாத நான்கு ஆட்டங்களில் பேட்ரியட்ஸ் மூன்றில் வென்றது. அந்தப் பருவத்தின் இறுதியில், 2017 பிப்ரவரியில், அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணியை 34-28 என்று வீழ்த்தி, லீகின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுல் கோப்பையையும் வென்றது. இந்த வெற்றியைச் சான்றாக எடுத்து வைப்பவரிடம், அது எந்தக் கேள்விக்கான சான்று என்று பணிவோடு கேளுங்கள்.

ரசிகருக்கு வழக்குரிமை உண்டா?

ஏமாற்றப்பட்டது தாங்கள்தான் என்று கருதும் ரசிகர்கள், அணியின் மீதே வழக்குத் தொடுக்கலாமா என்று கேட்பதுண்டு. இதற்கு அதே பேட்ரியட்ஸ் அணியின் முந்தைய விவகாரத்தில் விடை இருக்கிறது. 2007 செப்டம்பரில் நியூயார்க் ஜெட்ஸ் பயிற்சியாளர்களின் சைகைகளை, தடைசெய்யப்பட்ட இடத்திலிருந்து படம்பிடித்ததற்காகப் பயிற்சியாளர் பில் பெலிசிக்குக்கு 5 லட்சம் டாலரும் அணிக்கு இரண்டரை லட்சம் டாலரும் அபராதம் விதிக்கப்பட்டன. 2008-க்கான முதல் சுற்றுத் தேர்வு உரிமையும் போனது. ஜெட்ஸ் பருவச் சீட்டு வைத்திருந்த ரசிகர் ஒருவர், நேர்மையான ஆட்டத்துக்காகவே தாம் பணம் கொடுத்ததாகக் கூறி வழக்குத் தொடுத்தார். மூன்றாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010 மே மாதம் அதைத் தள்ளுபடி செய்தது. சீட்டு வாங்கியவருக்கு உரியது அரங்கில் ஓர் இருக்கையும் இரு அணிகள் ஆடும் ஆட்டத்தைக் காணும் உரிமையும்தான்; அவை அவருக்குக் கிடைத்துவிட்டன என்பது நீதிமன்றத்தின் நிலைப்பாடு.

ஆகவே ரசிகரின் கோபம் நீதிமன்றத்தில் ஈடு பெறுவது அரிது. அது பயன்தரக்கூடிய இடம், லீகும் சங்கமும் அமர்ந்து விதிகளை எழுதும் மேசைதான்; அந்தப் பேச்சுவார்த்தையின்போது பொதுக்கருத்துக்கு எடை உண்டு. 2020-இல் கையொப்பமான புதிய கூட்டுப்பேர ஒப்பந்தம், களத்துக்கு வெளியே வீரரின் தனிநடத்தை தொடர்பான புகார்களில் முதல்நிலை முடிவை இரு தரப்பும் சேர்ந்து நியமிக்கும் ஓர் அலுவலரிடம் ஒப்படைத்தது. அதன் மேல்முறையீடு மட்டும் ஆணையரிடமோ அவர் நியமிப்பவரிடமோ செல்லும். ஆட்டத்தின் நேர்மை தொடர்பான மீறல்களிலோ ஆணையரின் பழைய அதிகாரம் நீடிக்கிறது. அடுத்த முறைகேட்டுச் செய்தி வரும்போது, யார் ஏமாற்றினார் என்று வாதிடத் தொடங்குமுன் அன்று நடைமுறையிலுள்ள ஒப்பந்தத்தின் அந்தப் பிரிவை முதலில் எடுத்துப் படித்துவிடுங்கள். தண்டிப்பவர் யார், அவரை மறுபரிசீலனை செய்பவர் யார் என்பது அதில்தான் எழுதப்பட்டிருக்கும்.